பொண்ணு ஓடறதில்ல, குதிக்கறதில்ல, சும்மா உக்காந்திருக்கா. இவளுக்கும் ஏடிஹெச்டியா?

கேட்டவர்: பாலக்கோடு டைலர்

எல்லாருக்கும் வணக்கம். பாலக்கோடு பக்கம் எங்க வீடு. முன்ரூம்லயே லேடீஸ் டைலரிங் வெச்சிருக்கேன். வீட்டுக்காரர் பிக்கப் வண்டி ஓட்டறார், சீசன்ல தக்காளி லோடு. ரெண்டு பிள்ளைங்க. பெரியவ நாலாங்கிளாஸ், ஒம்பது வயசு. கேள்வி அவளைப் பத்தி. ஏடிஹெச்டின்னா கவனம் நிலைக்காம, இல்ல துறுதுறுன்னு அடங்காம இருக்கற பிரச்சனையாம்.

போன செவ்வாய்க்கிழமை காலையில நடந்ததை அப்படியே சொல்றேன். 7 மணிக்கு "சாக்ஸ் போட்டுக்கோ"ன்னு சொல்லிட்டு அடுப்பைப் பாக்கப் போனேன். 7.20க்கு எட்டிப் பாத்தா ஒரு கால்ல சாக்ஸ், இன்னொண்ணு கையில. ஜன்னல் கம்பியில ஒரு எறும்பு சோத்துப் பருக்கையை இழுத்துக்கிட்டுப் போகுது, அதைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கா. "சாக்ஸ்!"னு ஒரு சத்தம் போட்டேன். திடுக்குனு "இதோம்மா"ன்னா. 7.35க்கு ஆட்டோ ஹாரன் அடிக்குது, ஓடி வந்து பாத்தா போட்ட கால்லயே ரெண்டாவது சாக்ஸையும் போட்டு வெச்சிருக்கா. இன்னொரு கால் வெறுங்கால். சிரிக்கறதா அழறதான்னு தெரியல. அன்னைக்கு நான் அடிச்சிட்டேன், அதையும் மறைக்க விரும்பல.

கணக்கு நோட்டைத் தொறந்தா அஞ்சு கணக்குல முதல் ரெண்டும் முத்து முத்தா இருக்கும். மூணாவது கழித்தல், இவ கூட்டி வெச்சிருப்பா. நாலாவது பாதியில நிக்கும். அஞ்சாவது இருக்க வேண்டிய இடத்துல ஒரு மயில். ஜூன்ல இருந்து மூணு டிபன் பாக்ஸ் போச்சு. தண்ணி பாட்டில் எத்தனைன்னு எண்றதை நிறுத்திட்டேன்.

ஆனா எங்கிட்ட பழைய பட்டன் டப்பா ஒண்ணு இருக்கு. அதைக் கொட்டிக் குடுத்தா ரெண்டு மணி நேரம் அசைய மாட்டா. நெறம், ஓட்டை எண்ணிக்கை, சைஸுன்னு அவளா பிரிச்சு அடுக்குவா, சாப்பிடக் கூப்பிட்டாலும் காதுல விழாது. இவளுக்குக் கவனம் இல்லைன்னு எப்படி நம்பறது?

கண்ணு, காது ரெண்டும் டெஸ்ட் பண்ணியாச்சு, நல்லாத்தான் இருக்கு. ரத்தம் கம்மின்னு சொன்னாங்க, மூணு மாசம் இரும்புச்சத்து மாத்திரை குடுத்து ஏறிடுச்சு, மயில் மட்டும் நிக்கல. அப்புறம் ஒரு மனநல டாக்டர்கிட்ட காட்டினோம். எங்களுக்கு ஒரு ஃபாரம், கிளாஸ் டீச்சருக்கு ஒரு ஃபாரம் குடுத்தார். எப்ப இருந்து இப்படி, வீட்டுல மட்டுமா ஸ்கூல்லயும் உண்டான்னு ரொம்ப நேரம் கேட்டார். ரெண்டாவது தடவை போனப்ப "ஏடிஹெச்டி, கவனக்குறைவு வகை"ன்னார். கொஞ்ச நாள் வீட்டுலயும் ஸ்கூல்லயும் சில மாத்தம் செஞ்சு பாப்போம், தேவைப்பட்டா மாத்திரை யோசிப்போம்னு சொல்லி அனுப்பினார்.

வீட்டுல யாரும் ஒத்துக்கல. எங்க தெருவுல ஒரு பையன் காம்பவுண்டு சுவத்துல இருந்து குதிச்சு ரெண்டு தடவை கையை ஒடைச்சுக்கிட்டான். "அவனுக்குன்னா நம்பலாம், இந்தப் பூனைக்குட்டிக்கு என்ன வியாதி?"ன்னு மாமியார் கேக்கறாங்க. மந்திரிச்சு தாயத்தும் கட்டியாச்சு. "உம் புருஷனும் சின்னதுல இப்படித்தான், வளந்தா சரியாப் போயிடும்"னு வேற சொல்றாங்க.

நிஜமாவே இவளுக்கு இருக்கறது அதுதானா? மாத்திரை குடுத்தா பழகிப் போயிடுமா, பொம்மை மாதிரி ஆயிடுவாளா? வயசுக்கு வந்தா தானா போயிடுமா? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

பதில்: காரிமங்கலத்தான்

செல்போனைப் புடுங்குங்க, சாக்லேட்டை நிறுத்துங்க. ஒரே மாசத்துல சரியாகும். எங்க காலத்துல ஏது ஏடிஹெச்டி? நாலு சாத்து சாத்துனா கணக்கு தானா வரும். டாக்டருங்களுக்கு வருமானம் வேணும்ல.

பதில்: மல்பெரித் தோட்டம்

தங்கச்சி, நான் தேன்கனிக்கோட்டை பக்கம். 43 வயசு. பட்டுப்புழு வளக்கறேன். என் பையனுக்கு எட்டு வயசுல ஏடிஹெச்டின்னு சொன்னாங்க. எனக்கு 37 வயசுல சொன்னாங்க. நீளமா எழுதுவேன், பொறுத்துக்கோங்க.

முதல்ல காரிமங்கலம் அண்ணனுக்கு ஒரு வார்த்தை. உங்க காலத்துலயும் இருந்துச்சுண்ணா, பேருதான் வேற. எங்க ஊர்ல "தறுதலை", "சோம்பேறி", "மறதி மாணிக்கம்". 1902-ல லண்டன்ல ஜார்ஜ் ஸ்டில்னு ஒரு குழந்தை மருத்துவர் இந்த மாதிரிப் பிள்ளைங்களைப் பத்தி மேடை போட்டுப் பேசியிருக்கார். அதுக்கும் நூறு வருஷம் முன்னாடி, 1798-லயே, அலெக்சாண்டர் கிரைட்டன்னு ஒரு ஸ்காட்லாந்து டாக்டர் கவனம் நிலைக்காத பிள்ளைங்களைப் பத்தி எழுதி வெச்சிருக்கார். அப்ப எந்தக் குழந்தை கையில செல்போன் இருந்துச்சு? இப்ப சொல்ற பேரு வந்தது 1987-ல. சக்கரையையும் சோதிச்சுப் பாத்துட்டாங்க, அதால வர்றதில்ல. சாத்தினா வருமான்னா, என்னை நல்லாவே சாத்தியிருக்காங்க. வரல.

இப்ப உங்க பட்டன் டப்பா விஷயம். அதை நான் என் புழு ஷெட்டை வெச்சுத்தான் சொல்ல முடியும்.

முட்டை பொரிச்சு வளத்துத் தர்ற சாக்கி சென்டர்ல இருந்து சின்னப் புழுவா வாங்கிக்கினு வந்தா பதினாறு பதினெட்டு நாள்ல கூடு கட்ட ஆரம்பிச்சிரும். அதுல கடைசிப் பருவம் ஏழெட்டு நாள், ராத்திரி பகல்னு பாக்காம தின்னும். ஷெட்டுக்குள்ள நின்னா தகரத்துல மழை விழற மாதிரி சத்தம் கேக்கும். அந்த ஏழெட்டு நாளும் என்னை மாதிரி வேலைக்காரன் எங்க ஊர்லயே கிடையாது. தூங்க மாட்டேன், தழை ஒரு வேளை தப்பாது, நோய்ப் புழு ஒண்ணு இருந்தாலும் பொறுக்கிடுவேன். புழு பசிச்சா இப்பவே தெரியுது பாருங்க. கண்ணு முன்னாடி நடக்குது.

கூடு எடுத்து மார்க்கெட்டுல போட்டுட்டு வந்த மறுநாளே ஷெட்டைக் கழுவி, ப்ளீச்சிங் பவுடர் அடிச்சு, சுண்ணாம்பு போட்டுக் காயவிடணும். அங்கதான் நான் விழுவேன். அந்த வேலைக்குச் சத்தம் கிடையாது, பசி கிடையாது. இன்னைக்குச் செஞ்சாலும் நாளைக்குச் செஞ்சாலும் பாக்கறதுக்கு ஒரே மாதிரிதான். 2016-ல ஒரு தடவை பக்கெட்டுல ப்ளீச்சிங் பாக்கெட்டை எடுத்து ஷெட் வாசல்லயே வெச்சேன். ஒம்பது நாள் அதைத் தாண்டித் தாண்டிப் போனேன். மறந்துட்டேன்னு சொன்னா பொய். தெரியும். ஒவ்வொரு தடவை தாண்டறப்பவும் வயித்துல ஒரு கல்லு விழும். ஆனாலும் கை போகல. அடுத்த பேட்ச் 150 முட்டைத் தொகுதி எறக்கினேன். நாலாம் தோலுரிப்பு முடிஞ்சதும் பால்புழு நோய் விழுந்துச்சு. புழு உப்பி, தொட்டா பால் மாதிரி ஒழுகும். பாதிக்கு மேல குழி வெட்டி மூடினேன். என் பொண்டாட்டி அன்னைக்கு ஒண்ணும் பேசல. பேசியிருந்தா பரவால்ல.

மூணு வருஷம் கழிச்சு பையனுக்காக பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஓசூர்ல பஸ் ஏறினா அந்த ஓசூர் ரோட்டுலயே இருக்கு. அங்க டாக்டரம்மா பையன்கிட்ட பேசிட்டு, "அப்பா எப்படி?"ன்னு கேட்டாங்க. பக்கெட் கதையை என் பொண்டாட்டிதான் சொல்லிச்சு. அவங்க விளக்கினது இவ்வளவுதான். ஒரு வேலை முக்கியம்னு தெரிஞ்சா மத்தவங்களுக்கு அதுலயே வண்டி கிளம்பிடும். எங்களுக்கு அது போதாது. அவசரம் வேணும், இல்ல ஆசை வேணும், இல்ல புதுசா இருக்கணும். மூளையில நெத்திப் பக்கம் இருக்கற பகுதிதான் "இதை விடு, அதை எடு"ன்னு மேஸ்திரி வேலை பாக்குது. டோபமின், நார்அட்ரினலின்னு ரெண்டு ரசாயனம் அதுக்குக் கூலியாளு மாதிரி. எங்களுக்கு அந்த ஆளுங்க நேரத்துக்கு வர்றதில்ல. அதனால கவனம் ஒட்டினா ஒரேயடியா ஒட்டிக்கும், ஒட்டலைன்னா வழுக்கிக்கினே போகும். உங்க பொண்ணு பட்டனை அடுக்கறதும் சாக்ஸை விடறதும் ஒரே காரணத்தாலதான். என் புழுவும் பக்கெட்டும் மாதிரி.

ஓடறதில்லையேன்னு மாமியார் கேக்கறாங்க. இதுல மூணு வகை உண்டு. துறுதுறுன்னு ஓடறது, யோசிக்காம செய்யறது ஒரு வகை. கவனம் நழுவறது மட்டும் ஒரு வகை. ரெண்டும் கலந்தது மூணாவது, என் பையன் அது. டாக்டருங்க பட்டியல்ல கவனத்துக்கு ஒம்பது அடையாளம், ஓட்டத்துக்கு ஒம்பது. சின்னப் பிள்ளைன்னா ஏதாவது ஒரு பக்கம் குறைஞ்சது ஆறு அடையாளம் பொருந்தணும். ஆறு மாசமாவது தொடர்ந்து இருக்கணும், வீடு ஸ்கூல்னு ரெண்டு இடத்துல தெரியணும், 12 வயசுக்கு முன்னாடியே ஆரம்பிச்சிருக்கணும். டீச்சருக்குத் தனி ஃபாரம் குடுத்தது இதுக்குத்தான். உங்க டாக்டர் ஒழுங்காத்தான் பாத்திருக்கார். பொம்பளப் பிள்ளைங்களுக்கு இந்த அமைதி வகை நிறைய, அதனாலயே யார் கண்ணுலயும் படாம போயிடுது.

"உம் புருஷனும் இப்படித்தான்"னு சொன்னாங்கன்னு எழுதியிருக்கீங்க. அதை லேசா விட்டுடாதீங்க. இரட்டைப் பிள்ளைங்களை வெச்சுச் செஞ்ச ஆராய்ச்சிங்கள்ல இது 70 முதல் 80 சதவீதம் பரம்பரை வழின்னு வந்திருக்கு. சரியாப் போச்சுன்னு அவங்க சொல்றாங்க. நிஜமாவே போச்சான்னு நீங்கதான் பக்கத்துல இருந்து பாக்கறீங்க. ஓட்டம் வயசோட குறையும், நிறையப் பேருக்குக் கவனப் பிரச்சனை கூடவே வரும்.

இன்னொரு விஷயம் எனக்கு ரொம்ப உதவினது. 2007-ல அமெரிக்காவுல மூளையை ஸ்கேன் பண்ணிப் பாத்தாங்க. மூளையோட மேல்பட்டை மத்த பிள்ளைங்களுக்கு ஏழரை வயசுல எட்டற கட்டத்தை இந்தப் பிள்ளைங்க பத்தரை வயசு வாக்குல எட்டுது. மூணு வருஷம் பின்னாடி. வளராம இல்ல, லேட்டா வளருது. அதுல இருந்து நானா ஒரு கணக்கு வெச்சுக்கினேன்: சாக்ஸு, டிபன் பாக்ஸு மாதிரி விஷயத்துல பையன் வயசுல மூணைக் கழிச்சிடுவேன். ஆறு வயசுப் பிள்ளையை "சாக்ஸ் போடு"ன்னு சொல்லிட்டு நீங்க அடுப்புக்குப் போவீங்களா?

எங்க வீட்டுல செய்யறது: தூரத்துல இருந்து கத்தறதில்ல. கிட்டப் போய் தோள்ல கை வெச்சு, அவன் என்னைப் பாத்த அப்புறம் ஒரே ஒரு வேலை சொல்றது. முடிச்சதும் அப்பவே "சபாஷ்", சாயங்காலம் சொன்னா பிரயோஜனமில்ல. செவுத்துல அஞ்சு ஆணி, சட்டை முதல்ல, பை கடைசியில, வரிசையாத் தொங்கும். எனக்கு ஷெட் கதவுலயே சாக்பீஸ்ல எழுதி வெச்சிருக்கு. முன்னெல்லாம் இதுக்கு வெக்கப்படுவேன். நீங்க டைலர், உங்களுக்குத் தெரியும்: அளவை நோட்டுல எழுதாம ஞாபகத்துல வெச்சா ஜாக்கெட் வெட்டறீங்க?

மாத்திரை பையனுக்கு மீத்தைல்பெனிடேட், நாலு வருஷமா. முதல் மாசம் மதியச் சோறு அப்படியே திரும்பி வந்துச்சு. காலையில மாத்திரைக்கு முன்னாடி நல்லா சாப்பிட வெச்சு, ராத்திரி களி உருண்டை ஒண்ணு கூட குடுத்துச் சமாளிச்சோம். போறப்பல்லாம் எடை, உயரம் பாக்கறாங்க. பொம்மையெல்லாம் ஆகல, வாய் இன்னும் அதே வாய்தான். எனக்கு அட்டோமாக்சிட்டின், வேலை காட்டவே நாலஞ்சு வாரம் ஆச்சு. உங்க பொண்ணுக்கு வேணுமா வேணாமான்னு நான் சொல்ல மாட்டேன், அது டாக்டர் வேலை.

அடிச்சதைச் சொன்னீங்க. நானும் அடிச்சிருக்கேன். என்னை அடிச்ச அதே இடத்துல.

பதில்: ஓசூர் பார்மசிஸ்ட்

அக்கா, மாத்திரை பத்தி மட்டும். மீத்தைல்பெனிடேட் நம்ம நாட்டுல ஷெட்யூல் எக்ஸ், அதாவது விக்கறதுக்குக் கட்டுப்பாடு அதிகமான மருந்து. டாக்டர் ரெண்டு பிரதி எழுதித் தரணும், ஒண்ணை நாங்க வாங்கி ரெண்டு வருஷம் வெச்சிருக்கணும். இதுக்குத் தனி லைசென்ஸ் இருக்கற கடையிலதான் கிடைக்கும். நாலு கடை ஏறி எறங்கிட்டு "ஏதோ போதை மருந்து போல"ன்னு பயந்துடாதீங்க, பலர் அப்படித்தான் பாதியில விட்டுடறாங்க. டாக்டர் சொன்ன அளவுல, அவர் பார்வையில எடுத்துக்கிட்டா பின்னாடி போதைப் பழக்கம் வரும்னு ஆராய்ச்சிகள்ல தெரியல. சாதா மாத்திரை அரை மணி, ஒரு மணி நேரத்துல பிடிக்கும், மூணு நாலு மணி நேரம் நிக்கும். பசி குறையலாம், தூக்கம் தள்ளிப் போகலாம், தலைவலி, வயித்துவலி வரலாம். பொம்மை மாதிரி உக்காந்தா அளவு ஒத்துக்கலைன்னு அர்த்தம், உடனே சொல்லுங்க. வீட்டுல யாருக்காவது இதயக் கோளாறு இருந்தா ஆரம்பத்துலயே சொல்லிடணும்.

1944-ல இதை முதல்ல செஞ்ச பனிசோன்ங்கற கெமிஸ்ட் தன் மனைவி ரீட்டா பேரைத்தான் வெச்சார், அதான் ரிட்டாலின்ங்கற பிராண்டு பேரு. கடையில சும்மா இருக்கறப்ப இதையெல்லாம் படிக்கறது.

பதில்: அரூர் டீச்சர்

வணக்கம்மா. அரூர் பக்கம் அரசு நடுநிலைப் பள்ளி, 22 வருஷ சர்வீஸ். நாங்க செய்யற தப்பு ஒண்ணைச் சொல்லிடறேன். வகுப்பை ரெண்டாக்குற பையனை நாங்களே பெத்தவங்களைக் கூப்பிட்டு அனுப்பிடுவோம், ஏன்னா எங்களுக்குத் தொல்லை. ஜன்னலோரம் உக்காந்து மயில் வரையற பொண்ணால எங்களுக்குத் தொல்லையே இல்லை. "நல்ல பொண்ணு, கொஞ்சம் மந்தம்"னு ரேங்க் கார்டுல எழுதிட்டு அடுத்த வேலைக்குப் போயிடுவோம். அப்படி நான் எழுதின பிள்ளைங்க எத்தனை பேருன்னு இப்ப நினைச்சா தூக்கம் வரல.

கிளாஸ் டீச்சர்கிட்ட சண்டைக்குப் போகாதீங்க, உதவி கேக்கற மாதிரி கேளுங்க. முதல் பெஞ்சு, ஜன்னல் பக்கம் வேண்டாம். அஞ்சு கணக்கை ஒரே மூச்சுல குடுக்காம ரெண்டு போட்டதும் கொண்டு வந்து காட்டச் சொல்லணும். நடந்து வர்றதே அவளுக்கு ஒரு மூச்சு. கழித்தல் குறியைச் சிவப்புப் பேனாவுல வட்டம் போட்டுட்டா மூணாவது கணக்கு பெரும்பாலும் பொழைச்சிடும். வீட்டுப்பாடத்தை டைரியில டீச்சரே எழுதிடலாம். மறந்ததுக்கு எழுப்பி நிக்க வைக்க மட்டும் கூடாது, மத்த பிள்ளைங்க சிரிப்பு மனசுல தங்கிடும்.

வாசிப்பையும் சோதிக்கச் சொல்லுங்க. இந்தப் பிள்ளைங்கள்ல பலருக்குக் கற்றல் குறைபாடும் சேர்ந்தே இருக்கும். 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்துல இருக்கற 21 வகையில கற்றல் குறைபாடு உண்டு, ஏடிஹெச்டி தனியா இல்லை. பின்னாடி பரீட்சைச் சலுகைன்னு வரும்போது இது முக்கியம். பிள்ளைங்க உடல்நலத்தைச் சோதிக்கப் பள்ளிக்கு வர்ற ஆர்.பி.எஸ்.கே.ங்கற அரசுத் திட்ட மருத்துவக் குழு பாக்க வேண்டிய 30 குறைபாடுகள்ல ஏடிஹெச்டியும் இருக்கு, 18 வயசு வரைக்கும் பைசா செலவில்லை. அவங்க எழுதிக் குடுத்தா மாவட்டத்துல இருக்கற ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்குப் போகலாம். நடுராத்திரி மனசு கேக்கலைன்னா 14416, டெலி மானஸ்ங்கற அரசு மனநல உதவி நம்பர், தமிழ்லயே பேசுவாங்க.

கேட்டவர்: பாலக்கோடு டைலர்

எல்லாருக்கும் நன்றி. மல்பெரி அண்ணா எழுதினதை மாமியாருக்குச் சத்தமா படிச்சுக் காட்டினேன். பக்கெட் வந்த இடத்துல "ம்ம்"னாங்க.

அஞ்சு ஆணி அடிச்சாச்சு. ரெண்டு சாக்ஸுக்கும் ரெண்டு வேற நெறத்துல நூல் தெச்சு வெச்சேன், பச்சை வலது, மஞ்சள் இடது. நாலு நாள்ல மூணு நாள் ஓடுது. டிபன் பாக்ஸ் நேத்தும் வரல.

இவர் சின்ன வயசுல எப்படின்னு மாமியார்கிட்ட கேட்டேன். முதல்ல சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க. ஆடு மேய்க்கப் போய் ஆட்டை விட்டுட்டு தூக்கணாங்குருவிக் கூட்டைப் பாத்துக்கிட்டு நிப்பாராம். மாமனார் புளியங்குச்சி ஒடைச்சுக்கிட்டுப் போவாராம். எட்டாவதுல வாத்தியார் எல்லார் முன்னாடியும் ஏதோ சொல்லிட்டார்னு பையைத் தூக்கிக் கிணத்துல போட்டுட்டு வந்துட்டாராம், அதோட படிப்பு நின்னுச்சு. அதுக்கப்புறம் மாமியாருக்குச் சிரிப்பு வரல. இவருக்கு வண்டி சாவியைத் தேட தினமும் அரை மணி நேரம் ஆகும், போன வருஷம் இன்சூரன்ஸ் கட்ட மறந்து ஃபைன் கட்டினோம். இதையெல்லாம் நான் இத்தனை நாளா பொறுப்பில்லைன்னுதான் திட்டிக்கிட்டு இருந்தேன்.

ராத்திரி பாத்திரம் கழுவறப்ப மாமியார் பக்கத்துல வந்து நின்னுக்கிட்டு, "பெரிய ஆளுங்களுக்கும் பாப்பாங்களாமா?"ன்னு கேட்டாங்க.

திங்கக்கிழமை ஓ.பி. சீட்டு ரெண்டு போடணும். இவர்கிட்ட இன்னும் சொல்லல.